துபாஷியின் லாபம், மதாமின் பேராசை, அம்மாவின் சிறுவாடு

2016 நவம்பர் 8 இரவு, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா உளுந்து டப்பாவை முறத்தில் கவிழ்த்தார். உளுந்தோடு ஒரு துணி முடிச்சும் விழுந்தது. அதில் 41 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. பால் கணக்கில் மிச்சம் பிடித்தது, பழைய பேப்பர் போட்டது, பொங்கலுக்கு மாமா கையில் வைத்துவிட்டுப் போனது என்று பல வருடங்கள் சேர்த்த காசு. அம்மாவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. வேறு வழியில்லாமல் அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா எண்ணிப் பார்த்தார். “எனக்குத் தெரியாம இவ்ளோ சேத்து வெச்சிருக்கியே, உனக்கு நான் என்ன கொற வெச்சேன்?” என்றார். தம்பி சிரித்துக்கொண்டே, “என்னம்மா, கறுப்புப் பணமா?” என்று கேட்டான். அம்மா பதில் பேசவில்லை. திருடிப் பிடிபட்டவர் போல நின்றார்.

அந்தக் காசுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: சிறுவாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, கணவனுக்குத் தெரியாமல் பெண் சேர்த்துவைக்கும் பணம். பெயரிலேயே அது சிறியது. ஒளித்துவைத்தால்தான் அது சிறுவாடு. வெளியே தெரிந்துவிட்டால் வீட்டுப் பணம். அதே வருடங்களில் அப்பாவும் தன் கடை வருமானத்தில் மிச்சம் பிடித்துத்தான் இந்த வீட்டை வாங்கினார். அதை நாங்கள் கெட்டிக்காரத்தனம் என்றோம். இரண்டும் நாளையைப் பற்றிய பயத்தில், தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற நினைப்பில் சேர்த்ததுதான். அப்பாவுடையது ஊருக்குச் சொல்லும் பெருமையாகவும் அம்மாவுடையது டப்பாவுக்குள் மறைக்கும் குற்றமாகவும் எப்படி ஆனது? நான் வரலாறு படித்தவள். அந்தக் கேள்வியோடு எங்கள் ஊரின் பழைய கணக்குகளைத் திரும்பப் படித்தேன்.

சுயநலத்துக்குக் கிடைத்த நற்சான்றிதழ்

பொருள் ஈட்டுவதை நம் மரபு ஒருபோதும் பாவம் என்று சொன்னதில்லை. திருக்குறளில் பொருள்செயல்வகை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் பிறர் பொருளை விரும்பக் கூடாது என்பதற்கும் வெஃகாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஈட்டுவதற்கும் அவாவுக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருந்தார்கள். கிறித்துவ ஐரோப்பாவிலும் அப்படித்தான். பேராசை அங்கே கொடிய பாவங்களில் ஒன்று.

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் அந்தக் கோட்டை இடம் மாற்றினார்கள். லண்டனில் வாழ்ந்த மருத்துவர் மாண்டவில், தனி மனிதரின் தீய குணங்களே ஊருக்கு நன்மையாக விளைகின்றன என்று 1714-இல் வெளியான நூலில் வாதாடினார். 1748-இல் மான்டெஸ்கியூ, வணிகம் மனிதர்களின் முரட்டுக் குணங்களைத் தணித்து மென்மையாக்குகிறது என்றார். 1776-இல் ஆடம் ஸ்மித், கறிக்கடைக்காரரும் ரொட்டிக்காரரும் தங்கள் நலனைப் பார்த்துக்கொள்வதால்தான் நமக்குச் சாப்பாடு கிடைக்கிறது, அவர்களுடைய கருணையால் அல்ல என்றார். ஸ்மித் பேராசையைப் புகழ்ந்தவர் அல்லர். கிழக்கிந்தியக் கும்பினி போன்ற ஏகபோகங்களைக் கடுமையாகச் சாடியவர். ஆனாலும் உலகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரே செய்தியைத்தான்: உன் லாபத்தை நீ பார், ஊர் தானாகச் செழிக்கும். நவீன முதலாளித்துவம் சுயநலத்துக்கு வழங்கிய நற்சான்றிதழ் இது.

மான்டெஸ்கியூவின் நூல் வந்த அதே 1748-இல் புதுச்சேரியை ஆங்கிலேயக் கப்பற்படை முற்றுகையிட்டிருந்தது. இரண்டு வணிகக் கும்பினிகளின் சண்டையில் எங்கள் ஊர் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. வணிகம் மனிதர்களை மென்மையாக்கியதா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதைப் பார்த்து, தமிழில், நாள்தோறும் எழுதிவைத்த ஒருவரும் நமக்குக் கிடைத்திருக்கிறார்.

துபாஷியின் நாட்குறிப்பு

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். சிறு வயதில் தந்தையோடு புதுச்சேரிக்கு வந்தார். பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். 1736-இலிருந்து 1761 ஜனவரியில் அவர் இறக்கும்வரை எழுதிய நாட்குறிப்பு, இந்த ஊரின் மிகப் பெரிய வரலாற்றுச் சொத்து. பெரிய மார்க்கெட்டுக்கு அருகே அவர் பெயரிலுள்ள வீதியில் அவருடைய மாளிகை இன்றும் நிற்கிறது.

அந்த நாட்குறிப்பைப் பெண்ணின் கண்ணோடு படித்தால் முதலில் தெரிவது, அது வெட்கமே இல்லாத ஒரு லாபக் கணக்கு என்பதுதான். எந்தக் கப்பல் வந்தது, துணி மூட்டை என்ன விலை போனது, யார் எவ்வளவு நஜர் வைத்தார்கள், ஆளுநர் தன்னை எப்படிப் புகழ்ந்தார் என்று பிள்ளை எழுதிக்கொண்டே போகிறார். அவருக்கு ‘ஆனந்தப் புரவி’ என்று சொந்தக் கப்பல் இருந்தது. துணி, பாக்கு வணிகம் இருந்தது. கும்பினிக்கு வேலை பார்த்துக்கொண்டே தனக்கும் வணிகம் செய்தார். அது அன்று தவறல்ல. டூப்ளேயும் சந்திரநாகூரில் இருந்த காலத்திலிருந்தே சொந்த வணிகத்தில் பணம் சேர்த்தவர்தான். 1750-க்குப் பின் தக்காணத்து நிஜாம் பதவிக்கு முசாபர் ஜங்கை ஏற்றிவிட்டு, வழுதாவூர் ஜாகீரைப் பெற்றுக்கொண்டவர். வரலாற்று நூல்கள் இவர்களை என்ன சொல்கின்றன? டூப்ளே தொலைநோக்குள்ளவர். பிள்ளை மதிநுட்பம் மிக்கவர். டூப்ளேக்குக் கடற்கரையில் சிலை இருக்கிறது.

ஆண்களுக்கும் இது ஆபத்தில்லாத பாதையாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் உறவினரும் அவருக்கு முந்தைய தலைமைத் தரகருமான நைனியப்ப பிள்ளை, 1716-இல் தண்டிக்கப்பட்டு, சொத்து பறிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். ஆனால் அவர் இறந்த பிறகு அந்தத் தீர்ப்பு பிரான்சில் மாற்றப்பட்டது. மகன் தரகர் பதவிக்கே வந்தார். விழுந்த ஆணைத் தூக்கி நிறுத்தச் சட்டம், மன்னர், குடும்பம் எல்லாம் இருந்தன.

மதாம்

பிள்ளையின் எழுத்தில் மிக அதிகமாக வசை வாங்குகிறவர் ஒரு பெண். டூப்ளேயின் மனைவி ழான். பிள்ளைக்கு அவர் ‘மதாம்’.

ழான் 1706-இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தந்தை கும்பினியின் பிரெஞ்சு மருத்துவர். தாய் வழியில் போர்த்துகீசிய–இந்தியக் கலப்பு. 1719-இல், பதின்மூன்று வயதில், வின்சென்ஸ் என்ற கும்பினி வணிகருக்கு மணம் முடித்துவைத்தார்கள். அந்த மணத்தில் பிள்ளைகள் பலர். கணவர் இறந்தபின் 1741-இல் டூப்ளேயை மணந்தார். தமிழ் பேசுவார். இந்திய அரசர்களுடனும் அவர்கள் வீட்டுப் பெண்களுடனும் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். ‘ஜான் பேகம்’ என்ற பெயர் அப்படி வந்தது. 1748 முற்றுகையின்போது தனக்கென்று ஒற்றர்களையும் சேவகர்களையும் வைத்துக்கொண்டு செய்தி திரட்டினார்.

அவர் பதவிக்கும் தீர்ப்புக்கும் பணம் வாங்குகிறார், கணவரை ஆட்டிவைக்கிறார், ஊரைக் கொள்ளையடிக்கிறார் என்று பக்கம் பக்கமாகப் பிள்ளையின் குற்றச்சாட்டுகள் வருகின்றன. பின்னால் வந்த நூல்கள் பலவும் அவரைப் பணத்தாசை பிடித்தவராகவே வரைந்தன. 1934-இல் இவோன் ரொபேர் கெப்ளே என்ற பெண்தான் புதுச்சேரியிலிருந்து அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தனி நூலாக எழுதினார்.

இங்கே நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பெண் என்பதாலேயே ழானை நம் நாயகியாக்கிவிடும் ஆசை எனக்கும் வந்தது. அது சரியில்லை. 1748 செப்டம்பரில், முற்றுகைக் காலத்தைச் சாக்காக வைத்து, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதில் அவருக்கும் ஏசு சபைப் பாதிரிகளுக்கும் பங்கிருந்ததைப் பிள்ளை வேதனையோடு பதிவு செய்கிறார். அந்த வேதனை உண்மையானது. வெள்ளை நகரின் பெரிய வீடுகள் அடிமைகளின் உழைப்பில் நடந்த காலமும் அது. ழானின் சுயநலத்துக்கு விலை கொடுத்தவர்களில் பெண்களும் உண்டு.

என் கேள்வி அவர் நல்லவரா என்பதல்ல. ஒரே வீட்டில், ஒரே அலுவலகத்தில், ஒரே காலத்தில் மூன்று பேர் பணம் சேர்த்தார்கள். ஆளுநர் வாங்கியது ஜாகீர். துபாஷி வாங்கியது நஜர். மதாம் வாங்கியது லஞ்சம். செயல் ஒன்று, பெயர் மூன்று. ஆண்களின் குற்றங்களை நாம் அரசியல், வணிகம், காலச் சூழல் என்று பிரித்து விளக்குகிறோம். ழானின் குற்றத்துக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. பெண்ணின் பேராசை என்றால் போதுமானதாக இருந்தது. அவர் 1756-இல் பாரிசில் இறந்தார். கும்பினியிடம் தன் பணத்தைக் கேட்டு வழக்காடியே டூப்ளே 1763-இல் கடனாளியாக இறந்தார். அந்த வழக்கைக்கூட நூல்கள் நன்றி கெட்ட நாட்டிடம் ஒரு வீரர் கேட்ட நியாயமாகத்தான் சொல்கின்றன.

பங்கு கேட்ட கைம்பெண்

ழானைவிட என்னை அதிகம் உறுத்தியது, நாட்குறிப்பில் வந்துபோகும் இன்னொரு பெண். பிள்ளைக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார் என்ற கிறித்துவர். 1746 பிப்ரவரியில் பெரும் சொத்தை வைத்துவிட்டு இறந்தார். மகன் முன்பே இறந்துவிட்டான். இறந்தவரின் மனைவிக்கும் தம்பிக்கும் சொத்துத் தகராறு வந்தது.

குடும்பம் கிறித்துவக் குடும்பம். ஊரை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் தீர்ப்புக்கு ஊர்ப் பெரியவர்களின் வழக்கத்தைக் கேட்டார்கள். சொத்து தம்பிக்குப் போனது. வீட்டிலிருந்த கைம்பெண்களுக்கு வாழ்நாள் பராமரிப்பு என்று முடிந்தது. மதம் மாறலாம், அரசு மாறலாம்; பெண்ணின் பங்கு என்று வரும்போது எல்லாரும் ஒரே வழக்கத்தில் கூடிவிட்டார்கள்.

தம்பி சொத்து கேட்டது உரிமை. மனைவி கேட்டது தகராறு. அவருக்குக் கிடைத்த ‘பராமரிப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பராமரிப்பு என்பது பிறர் நலம் பார்த்துக் கொடுப்பது. தன் நலத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை, அதாவது சுயநலத்துக்கான உரிமை, அதில் இல்லை.

பிரெஞ்சுச் சட்டம் பின்னால் வேறொரு கதவைத் திறந்தது. 1881-இல் வந்த ஆணைப்படி, சாதி, மத வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ள வழி பிறந்தது. அப்படித் துறந்தவர்களின் குடும்பங்களில் மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு. இந்தியாவின் பெரும்பகுதியில் அன்று நினைத்தும் பார்க்க முடியாத விஷயம் இது. ஆனால் அதே சிவில் சட்டம் மனைவியைக் கணவனின் அனுமதிக்குக் கீழே வைத்தது. பிரான்சிலேயே, மணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் 1965-இல்தான் சட்டம் முழு உரிமை கொடுத்தது. நீ வாங்கலாம், ஆனால் வைத்துக்கொள்ள முடியாது.

கணக்கில் வராத கைகள்

நாட்குறிப்பில் துணி மூட்டைக்கு விலை உண்டு. அந்தத் துணிக்கு நூல் நூற்ற பெண்களுக்குப் பெயர் இல்லை. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டைகள் ஓட வேண்டும். அந்த ராட்டைகளை ஓட்டியவர்கள் வீட்டு வேலைக்கு நடுவே உட்கார்ந்த பெண்கள். அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி இந்தக் கரையிலிருந்து பிரான்சுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. ‘கினே’ என்று பெயர். செனகல் ஆற்றங்கரையில் அது துணியாக மட்டும் இல்லை, பணமாகவே புழங்கியது. பிசினும் வாங்கினார்கள், மனிதர்களையும் வாங்கினார்கள். இங்கேயும் அப்படித்தான். 1743-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களை ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவந்து கப்பலேற்றி அடிமைகளாக விற்ற ஒரு கூட்டத்தைப் பற்றிப் பிள்ளை எழுதுகிறார். ஒவ்வொருவரும் தன் லாபத்தைப் பார்த்தால் ஊர் செழிக்கும் என்ற கணக்கில் இந்த மக்கள் எந்தப் பக்கத்தில் வருவார்கள்?

பிறகு ஆலைகள் வந்தன. சவானா, ரோடியர், கெப்ளே என்று இந்த ஊரின் மூன்று பஞ்சாலைகள். 1936 ஜூலை 30 அன்று, வேலை நிறுத்தம் செய்த சவானா தொழிலாளர்கள் மீது காவல்துறை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையாவும் தோழர்களும் நடத்திய அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலை வந்தது. அங்கேயும் அதே பெயர் விளையாட்டுதான். முதலாளி லாபத்தைக் கூட்டினால் தொழில் வளர்ச்சி. தொழிலாளி கூலியைக் கூட்டிக் கேட்டால் கலகம். பெண்கள் மட்டுமே அனுபவித்த அநியாயம் அல்ல இது. சுயநலத்தின் நற்சான்றிதழ் சொத்துள்ளவர் பெயருக்கு மட்டுமே எழுதப்பட்டது. அதில் பெண் கடைசி வரிசையில் நின்றாள். ஆலை வேலை முடிந்து வந்தால் அடுப்பு வேலை, அதற்குக் கூலி என்ற பேச்சே கிடையாது.

ஆடம் ஸ்மித்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தாய் மார்கரெட் டக்ளஸ் 1784-இல் இறக்கும்வரை அவரோடு வாழ்ந்தார். உறவுப் பெண் ஜேனட் டக்ளஸ் வீட்டை நிர்வகித்தார். ரொட்டிக்காரர் சுயநலத்தால் ரொட்டி சுட்டார், சரி. அந்த ரொட்டியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்த வீட்டு நிர்வாகம் எந்தச் சந்தைக் கணக்கில் வரும்? சுயநலத்தால் இயங்கும் சந்தைக்குக் கீழே, சுயநலம் கூடாது என்று கற்பிக்கப்பட்ட ஒரு வீடு எப்போதும் இருந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் சந்தை மறுநாள் கடை திறக்க முடியாது. பெண்ணிடம் தியாகத்தைப் புகழ்வது வெறும் பழமைவாதம் அல்ல. அது நவீன லாபத்தின் செலவுக் கணக்கு.

இன்றும் பாருங்கள். 1992-இல் வங்கிக் கடனோடு இணைக்கப்பட்டதிலிருந்து சுய உதவிக் குழுக்கள் ஊரெங்கும் வளர்ந்துவிட்டன. பல பெண்கள் அங்கேதான் முதன்முதலில் தம் பெயரில் பாஸ்புத்தகம் பார்த்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெண்ணுக்கு ஏன் கடன் கொடுக்க வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கேளுங்கள். அவள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாள், பிள்ளைகளுக்குச் செலவழிப்பாள். ஆண் கடன் கேட்டால் தொழிலுக்கு என்றால் போதும். பெண் கேட்டால் பிள்ளைகளைச் சாட்சிக்கு அழைத்துவர வேண்டும். ‘சுய உதவி’ வரைக்கும் அவளுக்கு அனுமதி உண்டு. ‘சுயநலம்’ என்ற சொல்லுக்கு இன்னும் இல்லை.

அதற்காக எனக்கு மதாமின் வழி வேண்டாம். பிறரை விற்றும் இடித்தும் வாழ்ந்த சுயநலத்தில் பெண்களுக்கும் சம இடம் கேட்பது என் பெண்ணியம் அல்ல. பழைய கோட்டை நான் மதிக்கிறேன்: ஈட்டுவது வேறு, பிறர் பொருளுக்கு ஆசைப்படுவது வேறு. ஆனால் அந்தக் கோட்டைப் பெண்ணுக்கு மட்டும் இடம் மாற்றிப் போட்டு, அவள் தன் பங்கைக் கேட்பதையே அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படுவதாக்கிவிட்டார்கள். பங்கு கேட்பது பேராசை அல்ல. இதைச் சொல்ல இத்தனை வரலாறு தேவைப்பட்டது என்பதுதான் வருத்தம்.

விடுதலைப் பத்திரம்

2019-இல் அப்பா இறந்தார். உயில் எழுதவில்லை. ஆறு மாதம் கழித்துத் தம்பி ஒரு விடுதலைப் பத்திரத்தைக் கொண்டுவந்தான். வீட்டில் எங்களுக்குள்ள உரிமையை அவனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. “சும்மா ஒரு கையெழுத்துதான்க்கா. நீ ஆசைப்படற ஆளில்லன்னு எனக்குத் தெரியும்” என்றான். கெட்டவன் அல்லன். என்னைப் பாராட்டுவதாகத்தான் நினைத்தான்.

அம்மாவும் அதையே சொன்னார். “போட்டுடும்மா. பேராசைக்காரின்னு பேரு எதுக்கு?”

நான் பத்திரத்தை முழுவதும் படித்தேன். கையெழுத்துப் போட இரண்டு இடம் விட்டிருந்தது. ஒன்று எனக்கு. இன்னொன்று அம்மாவுக்கு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963-இல் புதுச்சேரிக்கும் வந்துவிட்டது. உயில் எழுதாமல் இறந்தவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமப் பங்கு. அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானும், இத்தனை படித்தும், அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அன்று இரவு சமையலறையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினேன். இரண்டாவது இடம் யாருக்கு என்று கேட்டார். “உனக்குத்தாம்மா. இந்த வீட்ல மூணுல ஒரு பங்கு உன்னோடது.”

அம்மா கொஞ்ச நேரம் பத்திரத்தையே பார்த்தார். உளுந்து டப்பா இருந்த அலமாரியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“எனக்கா?” என்றார். பிறகு, “இத நான் யாருக்கும் தெரியாம வெச்சிருக்க வேணாம் இல்ல?”

அந்தப் பத்திரத்தில் நாங்கள் இருவருமே இன்னும் கையெழுத்துப் போடவில்லை.